திருவிருந்துக்கு முன் அயலவர் படலை: விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கான நடைமுறை வழிகாட்டி

திருகோணமலையில் நாங்கள் வியாழன் மாலைகளில் கூடும் சிறு வேத வகுப்புக்குப் புதிதாக வருகிறவர்கள் பலவகைப்பட்டவர்கள். அண்மையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருக்கிறார்கள். கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். சிறுவயதில் ஞாயிறு பாடசாலைக்குப் போய், பிறகு இடப்பெயர்விலும் வெளிநாட்டு வேலையிலும் தொடர்பு அறுந்து, நாற்பது வயதுக்குப் பின் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும் நான் என்ன செய்ய வேண்டும்? பிரசங்கம் கேட்கிறோம், பாடுகிறோம், மன்றாடுகிறோம். திங்கட்கிழமை காலையில் மாமியாரோடும் முதலாளியோடும் கடன் தந்தவரோடும் பேசும்போது கேட்டதெல்லாம் எங்கே போய்விடுகிறது என்று மனம் வருந்திக் கேட்கிறார்கள்.

நான் போதகர் அல்லன். மெதடிஸ்த சபையில் வளர்ந்த ஒரு பொதுநிலையினன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்த வகுப்பில் இருந்து, தவறிச் செய்ததையும் திருந்திச் செய்ததையும் கொண்டே இதை எழுதுகிறேன். கத்தோலிக்க வாசகர்கள் போதகர் என்ற இடத்தில் பங்குத்தந்தை என்றும், திருவிருந்து என்ற இடத்தில் நற்கருணை என்றும் கொண்டு வாசிக்கலாம். சொல்லப்போகும் விடயத்தில் மாற்றம் இல்லை.

முதற்படி: உங்கள்மீது குறை உள்ள ஒருவரைத் தேடிச் செல்லுங்கள்

புதியவர்கள் பலர் வாழ்க்கை முழுவதையும் ஒரே வாரத்தில் மாற்ற முற்படுகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு எழுவது, உபவாசம் இருப்பது, வேதாகமத்தை ஆண்டுக்குள் முடிப்பது என்று தொடங்கி, ஒரு மாதத்தில் களைத்துப்போய், தங்களுக்கு விசுவாசம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் சொல்லும் தொடக்கம் வேறு. ஒரேயோர் உறவிலிருந்து தொடங்குங்கள்.

மலைப்பிரசங்கத்தில், மத்தேயு 5ஆம் அதிகாரம் 23, 24ஆம் வசனங்களில், காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்கும் ஒருவரைப் பற்றி இயேசு பேசுகிறார். தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டு என்று அவருக்கு அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்த வேண்டும். இயேசு இதைச் சொன்னது கலிலேயாவில். பலிபீடம் இருந்ததோ எருசலேமில். இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம், கால்நடையாக மூன்று நான்கு நாட் பயணம். திருகோணமலையிலிருந்து அநுராதபுரம்வரை நடந்துபோய், காணிக்கையைக் கீழே வைத்துவிட்டு, ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பதற்காகத் திரும்பி நடந்து வருவதை எண்ணிப் பாருங்கள். அந்த அலைச்சலை அறிந்தே இயேசு அப்படிச் சொன்னார்.

இந்த வசனத்தில் அவசர வாசிப்பில் தவறிப்போகும் ஒன்றும் உண்டு. யார்மீது உனக்குக் கோபம் என்று இயேசு கேட்கவில்லை. உன்மீது யாருக்குக் குறை என்று கேட்கிறார். நமக்குப் பிறர் செய்த தீங்குகளின் பட்டியல் எல்லோரிடமும் தயாராக இருக்கிறது. நம்மீது குறை உள்ளவர்களின் பட்டியலையோ நாம் உட்கார்ந்துதான் எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே ஒரு கொப்பியை எடுத்து, உங்கள்மீது நியாயமான குறை உள்ளவர்கள் என்று உங்கள் மனச்சாட்சி சொல்லும் பெயர்களை எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, நீங்கள் செய்ததை மட்டும் ஒரே வசனத்தில் எழுதுங்கள். அந்த வசனத்தில் ‘ஆனால்’ என்ற சொல் வரக்கூடாது. அது வந்தால் நீங்கள் இன்னும் வழக்குப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். பிறகு அந்த ஐந்தில் மிகக் கடினமானதை விட்டுவிட்டு, உங்களால் செய்யக்கூடிய ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள்.

என் பட்டியலில் முதலாவதாக இருந்தது என் மூத்த அண்ணரின் பெயர். சாம்பல்தீவில் எங்கள் தகப்பனார் விட்டுச்சென்ற காணியைப் பிரிக்கும்போது, அண்ணருக்கு ஒரு சொல்லும் சொல்லாமல் நான் நில அளவையாளரைக் கூட்டிச்சென்று கயிறு பிடித்து முளை அடித்தேன். அளவு சரியாகவே இருந்தது. ஆயினும் மூன்று ஆண்டுகள் நாங்கள் செத்த வீடுகளில் மட்டும் முகம் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவிருந்துக்கு எழுந்தபோது அந்த முளைகள் என் கண்முன் நின்றன. நான் முன்னே போகாமல் பின்வரிசை வாங்கிலேயே அமர்ந்துவிட்டேன். ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கும் போகாமல் நிலாவெளி வீதியால் சைக்கிளை மிதித்தேன்.

அது கச்சான் காற்று அடிக்கும் காலம். அண்ணரின் வீட்டுப் படலையில் நின்றபோது கண்ணிலும் வாயிலும் மணல். அண்ணி முற்றத்தில் தென்னோலை வார்ந்துகொண்டிருந்தார். “என்ன தம்பி, இந்த வெயிலுக்குள்ள வந்து நிக்கிறீர், உள்ளுக்கு வாரும்” என்றார். திண்ணையில் இருந்த அண்ணர் நிமிர்ந்து பார்க்கவில்லை. சைக்கிளில் வரும்போதே சொல்லிப் பார்த்து வைத்திருந்த இரண்டு வசனங்களைச் சொன்னேன்: “உங்களிட்டச் சொல்லாமல் நான் கயிறு பிடிச்சது பிழை. மூத்தவர் எண்ட மரியாதையை நான் தரேல்லை.” அண்ணர் நெடுநேரம் பேசவில்லை. அண்ணி கொண்டுவந்து வைத்த தேத்தண்ணீர் ஆறிப்போனது. கடைசியாக அவர், “முளை அடிக்க முந்தி ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார். அன்று அவர் மன்னிக்கவில்லை. மூன்றாம் முறை நான் போனபோதுதான், ‘சாப்பிட்டுவிட்டுப் போ’ என்றார்.

இதிலிருந்து நான் கற்றவற்றில் உங்களுக்குப் பயன்படக்கூடியவை சில. நேரில் போங்கள், தொலைபேசியில் அனுப்பும் மன்னிப்பு, அனுப்பியவருடைய மனத்தை ஆற்றுமே தவிரப் பெற்றவருடைய மனத்தைத் தொடுவது அரிது. என்ன பிழை செய்தீர்கள் என்பதைப் பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ‘ஏதாவது தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்’ என்பது மன்னிப்புக் கேட்பது ஆகாது. பதிலை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ரோமர் 12:18இல் பவுல், கூடுமானால், உங்களாலானமட்டும், எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள் என்று இரண்டு நிபந்தனைகள் வைத்தே எழுதுகிறார். உங்களாலானதைச் செய்து முடிப்பதே உங்கள் பங்கு.

இரண்டாம் படி: காலையில் பத்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம்

இதைப் பற்றி ஏராளமானோர் எழுதியிருப்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். காலையில், கைத்தொலைபேசியைத் தொடுவதற்கு முன், நற்செய்தியிலிருந்து ஒரு சிறு பகுதியை வாசியுங்கள். மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரங்களே கொண்ட, நான்கு நற்செய்திகளிலும் மிகக் குறுகிய நூல் அது. அடுத்து யாக்கோபு எழுதிய நிருபத்துக்குப் போங்கள். ஐந்தே அதிகாரங்கள், ஏறக்குறைய எல்லாமே நாவு, பணம், ஏழைகள், பொறுமை என்று அன்றாட வாழ்வைப் பற்றியவை. பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் கடினமாக இருந்தால் 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பை வாசியுங்கள். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. வாசித்து முடிந்ததும், அன்றைக்கு நீங்கள் சந்திக்கப்போகும் மூவரின் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். ஒருவருக்காகக் காலையில் மன்றாடிவிட்டு மாலையில் அவரை ஏசுவது இலகுவன்று.

இரவு ஐந்து நிமிடத்துக்கு, இந்த ஊர் மக்கள் யேசு சபைக் குருக்களிடமிருந்து நெடுங்காலமாக அறிந்துவைத்துள்ள முறை ஒன்று உண்டு. 1893இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்தில் அவர்கள் பல தசாப்தங்கள் பணியாற்றினார்கள்; அவர்களுடைய சபையை நிறுவிய இஞ்ஞாசியார் கற்றுத்தந்த ஆன்மப் பரிசோதனையை மெதடிஸ்தனான நானும் பின்பற்றுகிறேன். நாளில் கிடைத்த நன்மைகளுக்கு நன்றி சொல்லி, காலையிலிருந்து நடந்தவற்றை மணித்தியாலம் மணித்தியாலமாக நினைத்துப் பார்த்து, எங்கே அன்பிலிருந்து விலகினேன் என்று கேட்டு, மன்னிப்பு வேண்டி, நாளைக்குச் செய்ய வேண்டிய ஒன்றைத் தீர்மானிப்பதே அது. நித்திரை வந்துவிட்டால் நன்றி சொல்லும் பகுதியையாவது விடாதீர்கள்.

மூன்றாம் படி: பொழுது சாய்வதற்குள்

‘சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது’ என்பது எபேசியர் 4:26. யூதர்களின் நாட்கணக்கில் சூரியன் மறையும்போதே அடுத்த நாள் தொடங்கிவிடும். ஆகவே இன்றைய கோபத்தை நாளைக்குக் கொண்டுபோகாதே என்பதே இதன் பொருள். கோபமே கொள்ளக்கூடாது என்று பவுல் இங்கே சொல்லவில்லை. கோபத்துக்கு ஓர் எல்லைக் கல் நடுகிறார்.

நடைமுறையில் இதற்கு இரண்டு பழக்கங்கள் உதவும். கோபத்தில் இருக்கும்போது எழுத்திலோ குரற்பதிவிலோ எதையும் அனுப்பாதீர்கள். வட்ஸ்அப்பில் ஒரு முறை போன சொல் ஐந்து குடும்பக் குழுக்களுக்குப் போய்விடும். அடுத்தது மத்தேயு 18:15 சொல்வது: ஒருவர் உங்களுக்குத் தீங்கு செய்தால் முதலில் அவரிடமே, நீங்களும் அவரும் தனித்திருக்கும்போது, போய்ச் சொல்லுங்கள். நம்மிடையே இது தலைகீழாக நடக்கிறது. சம்பந்தப்பட்டவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் சொல்லிவிடுகிறோம். ஆலய வாசலில், ஆராதனை முடிந்த கையோடு, ‘அவருக்காக ஜெபியுங்கள்’ என்ற போர்வையிலும் சொல்லிவிடுகிறோம். ஒருவருடைய இரகசியத்தை ஜெப விண்ணப்பமாக்கிப் பரப்புவது நான் சபைகளில் கண்ட மிகக் கொடிய பழக்கங்களில் ஒன்று. ஜெபிக்கக் கேட்பதானால் அவருடைய அனுமதியோடு கேளுங்கள்; அனுமதி இல்லையென்றால் நீங்கள் மட்டும் ஜெபியுங்கள்.

நான்காம் படி: பணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள்

விசுவாசம் என்றதும் பணத்தைப் பேசுவது பலருக்குக் கூச்சமாக இருக்கிறது. வேதாகமத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை. லேவியராகமம் 19:13, கூலிக்காரரின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே என்கிறது. உபாகமம் 24:15, அன்றைய பொழுது போகுமுன் கொடு, அவன் ஏழை, அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணமும் சொல்கிறது. கொடுபடாத கூலியே கூக்குரலிடுவதாக யாக்கோபு 5:4 எழுதுகிறது. எனவே பணத்தில் உங்கள் முதல் வேலை, நீங்கள் கொடுக்க வேண்டியவற்றை எழுதுவது. மேசனுக்கு மிச்சம் வைத்த கூலி, தையற்காரருக்கு ‘அடுத்த கிழமை தாறன்’ என்று சொன்ன தொகை, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்கு அவர் சுகமில்லாமல் நின்ற நாட்களுக்காகக் கழித்துக்கொண்ட சம்பளம், எல்லாவற்றையும் எழுதுங்கள். அதை முடிக்காமல் காணிக்கைப் பையில் பெருந்தொகை போடுவதை நான் ஏற்பதில்லை. மேசனுக்குச் சேர வேண்டிய பணத்தை ஆண்டவருக்குக் கொடுத்தால் அது நம்முடைய காணிக்கை ஆகாது, மேசனுடைய காணிக்கை. தகப்பன் தாய்க்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’ என்று காணிக்கையாக்கித் தப்பித்துக்கொண்டவர்களை மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இயேசு கண்டிப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

இரண்டாவது, தராசு. கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்கிறது நீதிமொழிகள் 11:1. மீன் விற்பவர், மரக்கறி விற்பவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், தனியார் வகுப்பு நடத்தும் ஆசிரியர் என எல்லோருக்கும் ஒரு தராசு உண்டு. ஊருக்குப் புதிதாக வந்த சுற்றுலாப் பயணியிடம் நிலாவெளிக்குப் போக எவ்வளவு கேட்கிறோம், உள்ளூர்க்காரரிடம் எவ்வளவு கேட்கிறோம் என்பதும் தராசுதான்.

மூன்றாவது, கடன். இங்கே கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு வாடைக்காலம் கொடிய காலம். கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும்போது வள்ளங்கள் கரையில் கிடக்கும். அப்போது வாங்கும் முற்பணத்துக்காக, கடல் அமைதியாகும் காலத்தில் பிடிபடும் மீன் முழுவதையும் முற்பணம் தந்த முதலாளி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டியிருக்கும். நீங்கள் முற்பணம் கொடுக்கும் இடத்தில் இருந்தால், யாத்திராகமம் 22:25ஐ ஒரு முறை வாசித்துவிட்டு விலையைச் சொல்லுங்கள். ஏழைக்குக் கொடுத்த கடனில் வட்டிக்காரனைப்போல் நடக்காதே என்கிறது அது. நீங்கள் வாங்கும் இடத்தில் இருந்தால், வீட்டில் மறைக்காதீர்கள். மனைவிக்குத் தெரியாமல் வைத்த அடகும், கணவனுக்குத் தெரியாமல் எடுத்த நுண்கடனும் நான் அறிந்த பல குடும்பங்களைக் கடனைவிட மோசமாகச் சிதைத்திருக்கின்றன. மாதத்துக்கு ஒரு மாலை, வரவையும் செலவையும் கடனையும் ஒரே தாளில் எழுதி இருவரும் பாருங்கள். அந்த மேசையில் தொடங்கும் ஜெபம் பொய் கலவாததாக இருக்கும்.

சீட்டுப் பிடிப்பவர்களுக்கும் பிணை நிற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ‘இல்லை’ என்று சொன்னால் அன்பில்லாதவர் என்று நினைப்பார்களோ என அஞ்சிப் புதிய விசுவாசிகள் கேட்டவருக்கெல்லாம் பிணைக் கையெழுத்து இட்டுவிடுகிறார்கள். நீதிமொழிகள் 6ஆம் அதிகாரத்தின் தொடக்கமும் 22:26உம் பிணை நிற்பதைப் பற்றித் தெளிவாக எச்சரிக்கின்றன. திருப்பித் தராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கொடையாகக் கொடுங்கள். தாங்க முடியாததற்குக் கையெழுத்து இடாதீர்கள். ‘உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்’ சொல்லச் சொன்னவரும் இயேசுவே.

ஐந்தாம் படி: வீடு

இந்துக் குடும்பத்திலிருந்து விசுவாசத்துக்கு வந்தவர்கள் முதலில் முட்டிக்கொள்வது பெற்றோரோடுதான். திருக்கோணேச்சரம் நிமிர்ந்து நிற்கும் ஊர் இது. அம்மாவின் சுவாமியறை, ஆடி அமாவாசை விரதம், தைப்பொங்கல் எல்லாம் வீட்டின் நாடியாக இருப்பவை. ‘தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு’ என்ற கட்டளையில், அவர்கள் உன் விசுவாசத்தை ஏற்றால் என்ற நிபந்தனை இல்லை. அம்மாவின் விளக்கை அணைப்பதோ, படங்களைப் பற்றிக் கேலி பேசுவதோ ஆண்டவருக்குச் சாட்சி ஆகாது. கும்பிட இயலாத இடத்தில் பணிவோடு விலகி நில்லுங்கள். முற்றம் கூட்டவும், பொங்கற்பானைக்கு அரிசி களையவும், அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவும் முன்னுக்கு நில்லுங்கள். படைத்த உணவைப் பற்றிய கேள்வியைப் பவுல் 1 கொரிந்தியர் 8, 10ஆம் அதிகாரங்களில் நிதானமாக ஆராய்கிறார். உணவு நம்மைத் தேவனுக்கு ஏற்றவர்களாக்காது என்றும், அவிசுவாசியான ஒருவர் விருந்துக்கு அழைத்தால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்றும், அதே வேளை படைத்தது என்று ஒருவர் சொல்லி அதனால் அவருடைய மனச்சாட்சி இடறுமானால் தவிர்க்கலாம் என்றும் எழுதுகிறார். அவருடைய அளவுகோல், அடுத்தவருடைய மனச்சாட்சி. மனம் உறுத்தினால் பழத்தை மட்டும் வாங்கிக்கொண்டு அன்போடு இரண்டு வார்த்தை பேசுங்கள். கணவனோ மனைவியோ விசுவாசத்துக்கு வராதிருந்தால், அவர் உங்களோடு வாழச் சம்மதிக்கும்வரை பிரியாதிருங்கள் என்பது 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத்தின் தெளிவான ஆலோசனை.

கணவன் மனைவிக்கிடையே பெரிய தியாகங்களைவிடச் சிறு வேலைகளே விசுவாசத்தைக் காட்டும். யோவான் 13இல் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவியது, அன்றைய வீடுகளில் வேலையாளுக்கு உரிய வேலை. எங்கள் வகுப்பிலுள்ள ஓர் இளம் மீனவர், கடலால் வந்த களைப்போடும் இராச் சாப்பாட்டுக் கோப்பைகளைத் தானே கழுவத் தொடங்கினார். அது வரை ஆலயத்தின் பக்கமே வராத அவருடைய மாமியார், ‘இவன் எங்க போறான் எண்டு நானும் பாக்கவேணும்’ என்று சொல்லிக்கொண்டு ஒரு வியாழன் வந்து பின்னால் இருந்தார். மத்திய கிழக்கில் வேலை செய்யும் துணை உள்ளவர்கள், அழைப்பு எடுத்தவுடன் பணம், பிள்ளைகளின் முறைப்பாடு என்று தொடங்காமல், அவர் அன்று என்ன சாப்பிட்டார், எப்படி நித்திரை கொண்டார் என்று முதலில் கேளுங்கள். பிள்ளைகளைப் பொறுத்தவரை, எபேசியர் 6:4 தகப்பன்மாருக்குச் சொல்வதை ஒருமுறை வாசித்தால் போதும்: அவர்களைக் கோபப்படுத்தாதீர்கள்.

மன்னிப்பைப் பற்றிச் சொன்னதெல்லாம் தவறாகப் பயன்பட்டுவிடக்கூடாது என்பதால் இதை வெளிப்படையாக எழுதுகிறேன். அடிக்கும் கணவனோடு பொறுத்துக்கொண்டு இருப்பதை மன்னிப்பு என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், அவர் சபையில் எந்தப் பதவியில் இருந்தாலும், அதை ஏற்காதீர்கள். ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன அதே மத்தேயு 18ஆம் அதிகாரம், தீங்கு செய்பவரைத் தனிமையிலும், பிறகு சாட்சிகளோடும், பிறகு சபையின் முன்பாகவும் கண்டிக்கச் சொல்கிறது. சிறியவர்களுக்கு இடறல் செய்கிறவருக்கு ஏந்திரக் கல்லைப் பற்றியும் சொல்கிறது. இலங்கையில் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938; சிறுவர்களுக்கு 1929. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். மன்னிப்பைப் பற்றிப் பிறகு, ஆறுதலாக, உங்களுக்கு இயன்ற காலத்தில் யோசிக்கலாம்.

ஆறாம் படி: வேற்றுச் சமயத்து அயலவர்

நல்ல சமாரியன் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டுப் பழகிவிட்டதால் அதன் கூர்மை மழுங்கிவிட்டது. யூதர்களும் சமாரியர்களும் ஒருவரோடொருவர் கலவாதவர்கள். ஒருவர் வழிபடும் இடத்தை மற்றவர் ஏற்காதவர்கள். யார் என் அயலவர் என்று கேட்டவருக்கு இயேசு, குருவையும் லேவியனையும் கடந்துபோகவிட்டு, அந்தச் சமாரியனை முன்னுதாரணமாக நிறுத்துகிறார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்து, ஒருவரால் ஒருவர் காயப்பட்ட நினைவுகளையும் சுமக்கும் ஊரில் இந்த உவமையைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியாது.

2004 மார்கழி 26, நத்தாருக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்த நாள். அன்று கடல் ஏறியபோது கரையிலிருந்து ஓடிவந்தவர்களைக் கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பாடசாலைகளும் ஏற்றுக்கொண்டன. யாருக்கு யார் சோறு கொடுத்தார்கள் என்ற கணக்கு அன்று யாரிடமும் இருக்கவில்லை. அந்த மனத்தைச் சாதாரண நாட்களிலும் வைத்துக்கொள்ளச் சிறு வழிகள் உண்டு. நோன்புக் கஞ்சி அனுப்பும் வீட்டுக்கு நத்தார்ப் பலகாரத்தை வெறும் வழக்கமாக அனுப்பாமல் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவர்களுடைய செத்த வீட்டுக்குப் போங்கள். உங்கள் விசுவாசத்தைக் கேட்டால் சொல்லுங்கள். கேட்காதபோது நல்ல அயலவராக இருங்கள். தமிழில் வேதாகமத்தைச் செப்பனிடும் பணியில், யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷனரியான பீற்றர் பேர்சிவலுக்குத் துணைநின்றவர் உறுதியான சைவராகிய ஆறுமுக நாவலர். அந்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. நம்பிக்கையில் உடன்படாதவர்கள் ஒரே மேசையில் இருந்து நேர்மையாக வேலை செய்யலாம் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டியதில்லை.

ஏழாம் படி: தனியே நடக்காதீர்கள்

மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம் தொடங்கிய விதம் இந்த இடத்துக்குப் பொருந்தும். 1742இல் இங்கிலாந்தின் பிறிஸ்டல் நகரில் கூட்டமண்டபத்தின் கடனை அடைக்க வழி தேடியபோது, உறுப்பினர்களைப் பன்னிரண்டு பேர் அளவிலான குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொருவரிடமும் வாரம் ஒரு பென்னி சேர்க்க ஒரு பொறுப்பாளரை நியமித்தார்கள். பணம் சேர்க்க வீடு வீடாகப் போனவர்கள், அங்கே குடியையும் சண்டையையும் கண்டு வந்து சொன்னார்கள். அதற்குப் பிறகு ஜோன் வெஸ்லி அந்தப் பொறுப்பாளர்களிடம் பணத்தோடு சேர்த்து ஒவ்வொருவருடைய ஆத்தும நிலையையும் விசாரிக்கச் சொன்னார். கடன் வசூலிலிருந்து ஒரு மேய்ப்புப் பணி பிறந்தது. 1814இல் இலங்கைக்கு வந்த மிஷனரிகள் கொண்டுவந்த பழக்கம் இதுதான்.

உங்கள் சபையில் அப்படி ஒரு குழு இருந்தால் சேருங்கள். இல்லையென்றால், உங்களைப் புகழாத, உங்கள் இரகசியத்தை வெளியே கொண்டுபோகாத ஒருவரைத் தேடி, வாரத்துக்கு ஒரு முறை சந்தியுங்கள். ஆண்கள் ஆணையும் பெண்கள் பெண்ணையும் தெரிவது நல்லது. கேட்க வேண்டியவை இரண்டே: கொப்பியில் உள்ள பெயர்களில் யாரிடம் போனாய்? யாருக்கு இன்னும் கொடுக்க வேண்டியிருக்கிறது?

இங்கே புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கடைசிக் கேள்வி ஒன்று உண்டு. நான் தீங்கு செய்தவர் இறந்துபோனார், அல்லது யுத்தத்தில் எங்கே போனார் என்று தெரியவில்லை, இனி என்ன செய்வது? எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இதற்கு வழி காட்டுகிறது. செய்த பிழையை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, பாதிக்கப்பட்டவருக்கு, அவர் இல்லாவிட்டால் அவருடைய உறவினருக்கு, அவரும் இல்லாவிட்டால் ஆசாரியனுக்குக் கொடுக்க வேண்டும். கடன் செத்தவரோடு செத்துப்போவதில்லை.

எங்கள் வகுப்பில் ஒரு முதியவர் இருந்தார். கிண்ணியாவில் பாலம் வராமல், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் ஏறிக் கடந்துகொண்டிருந்த காலத்தில், அங்கே ஒரு பலசரக்குக் கடையில் மாதக்கணக்கில் கடனுக்குச் சாமான் வாங்கி, பிறகு இடம்பெயர்ந்து, அந்தப் பக்கமே போகாதிருந்தவர். இந்த அதிகாரத்தை வாசித்த கிழமை, ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, அன்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசத்தையும் தன் அறிவுக்கு எட்டியவரை கணக்கிட்டு, காசைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து போனார். என்னையும் கூட்டிப்போனார். கடைக்கார நானா மௌத்தாகிப் பல காலம். மகன் கடையை நடத்திக்கொண்டிருந்தார். பெரியவர் விடயத்தைச் சொன்னதும் மகன் காசை எண்ணவில்லை. உள்ளே போய், ஓரம் கறையான் அரித்த நீளக் கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து, தாள்களைப் புரட்டி, தன் தகப்பனின் கையெழுத்தில் இருந்த ஒரு பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு மேசையில் கிடந்த பேனையை எடுத்துப் பெரியவரின் கையில் கொடுத்து, “வாப்பாட கொப்பி இது. நீங்களே வெட்டுங்க” என்றார்.